தேனப்பன் வீட்டில் இருக்கிறார்

தந்தி வந்த அன்று கண்ணம்மை பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டும் ஆளை முற்றத்தில் உட்காரவைத்து வேலை வாங்கிக்கொண்டிருந்தாள். மகள் சிகப்பிக்கு ஆவணி இருபத்தேழில் கல்யாணம். பெண்ணோடு போகிற அண்டா முதல் கரண்டி வரைக்கும் பெயர் வெட்டியாக வேண்டும். ஆனி பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது என்றாலும், அந்த ஆள் ஒரு எழுத்துக்கு ஒரு வெற்றிலை போடுகிறவர் என்பதால் முன்கூட்டியே பிடித்துப் போட்டிருந்தாள்.

'பை திருட்டு. பாஸ்போர்ட் கப்பல் டிக்கெட் போச்சு. சுகம். கவலை வேண்டாம். தேனப்பன்.' இதுதான் பினாங்கிலிருந்து கணவர் அடித்த தந்தி. கடல் கடந்து போன மனுஷன் கவலை வேண்டாம் என்று தந்தியடித்தால் அதைவிடக் கவலைப்பட வேறு என்ன வேண்டும்?

விவரம் பின்னால் வந்த கடிதத்தில் இருந்தது. தகப்பனார் விட்டுப்போன கடை ஒன்றை ஏறக்கட்டுவதற்காகப் பங்குனியில் பினாங்கு போயிருந்தார் தேனப்பன். வேலை முடிந்தது. ஊர் திரும்பக் கப்பல் டிக்கெட்டும் வாங்கியாகிவிட்டது. படகுத்துறையில் நின்றவர், பையைக் காலுக்கடியில் வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு பார்த்தபோது உலகம் பளிச்சென்று தெரிந்தது. பை மட்டும் தெரியவில்லை. பாஸ்போர்ட், டிக்கெட், மகளுக்கு எடுத்த பட்டு, மாப்பிள்ளைக்கு வாங்கிய கைக்கடிகாரம் எல்லாம் அதற்குள்தான்.

பினாங்கில் நம் நாட்டுக் காரியங்களைக் கவனிக்கும் ஆபீசில் போய் நின்றார். அவர்கள் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்களாம். நீங்கள் சொல்கிற தேனப்பன் நீங்கள்தான் என்று உங்கள் ஊரிலிருந்து ஒரு வரி வந்துவிட்டால் போதும், ஊருக்கு அனுப்பிவைக்கிறோம் என்றார்களாம். ஒரு வரி. அந்த ஒரு வரியை எழுதுவதற்கென்றே சிவகங்கையில் ஓர் ஆபீஸ் இருந்தது. 'அயல்நாடு சென்றோர் அடையாளச் சரிபார்ப்புப் பிரிவு' என்று வாசலில் பலகை. சிவகங்கை அடங்கிய ராமநாதபுரம் ஜில்லாவுக்குக் கலெக்டர் கச்சேரி மதுரையில் இருந்த அறுபத்தெட்டாம் வருஷம் அது. எந்த ஆபீஸ் எந்த ஊரில் ஏன் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

இந்த இடத்தில் அந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். காரைக்குடியில் அந்த வீட்டைக் கட்டியவர் தேனப்பன் செட்டியார். அவருக்கு நான்கு ஆண் பிள்ளைகள். தலைப்பிள்ளைக்குப் பாட்டனார் பெயரை வைப்பது செட்டிநாட்டு முறை. நான்கு பேரும் முறை தவறாதவர்கள். ஆகவே அந்த ஒரே வீட்டில் நான்கு தேனப்பன்கள் பிறந்து, நான்கு பேருக்கும் கல்யாணமாகி, நான்கு குடும்பமாக இருந்தார்கள். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு அடுப்பு. கதவு எண் மட்டும் ஒன்று. யார் எந்தத் தேனப்பன் என்பதற்குத் தாயார் பிறந்த ஊரைச் சொல்வார்கள். தேவகோட்டையார், கண்டனூரார், பள்ளத்தூரார் என்று மூவர். கண்ணம்மையின் கணவர் ஆத்தங்குடியார். தெருவில் பால் ஊற்றுகிறவள்கூட இதில் ஒருநாளும் தடுமாறியதில்லை. தடுமாறுவதற்கு அரசாங்கம் வர வேண்டியிருந்தது.

அரசாங்கம் ஒரு செவ்வாய்க்கிழமை சைக்கிளில் வந்தது. விசாரணை இன்ஸ்பெக்டர் சேவுகன் என்று பெயர். கண்ணம்மை அப்போது பின்கட்டில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. பெண்களை விசாரிக்கத் தனிப் படிவம் உண்டாம். அதை அவர் கொண்டுவரவில்லையாம். முகப்பில் நின்று, தேனப்பன் இருக்கிறாரா என்று கேட்டார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த பள்ளத்தூரார், இருக்கேன், என்ன விஷயம் என்றார். இதே வீடுதானா என்றார் சேவுகன். பிறந்ததிலிருந்து இதே வீடுதான் என்றார் பள்ளத்தூரார். பாஸ்போர்ட் இருக்கிறதா என்று அடுத்த கேள்வி. பள்ளத்தூரார் கொழும்புக்குப் போக விசாவுக்கு விண்ணப்பம் போட்டிருந்த நேரம். அதற்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து உள்ளே போய் எடுத்துவந்து காட்டினார். சேவுகன் காபி குடித்துவிட்டு, சைக்கிளில் ஏறிப் போய், மூன்று வரி எழுதினார்.

'மேற்படி முகவரியில் நேரில் விசாரித்ததில் தேனப்பன் வீட்டில் இருக்கிறார். அவருடைய பாஸ்போர்ட் அவரிடம் பத்திரமாக உள்ளது. நலமாகக் காணப்பட்டார்.'

இது கண்ணம்மைக்குத் தெரியவந்ததே பினாங்கிலிருந்து வந்த கடிதத்தில்தான். 'நான் வீட்டில் இருப்பதாக இங்கே தகவல் வந்திருக்கிறது. அப்படியானால் நீ யார் என்று கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை' என்று எழுதியிருந்தார். படித்துவிட்டுக் கண்ணம்மை நேரே பள்ளத்தூராரிடம் போனாள். கொழுந்தனார் முறை. அவர் கடிதத்தைப் படித்துவிட்டு, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் கண்ணம்மை சிவகங்கைக்குப் போனாள். பிரிவின் சூப்பிரண்டு அழகுசுந்தரம் சட்டைப்பையில் நான்கு பேனா வைத்திருந்தார். எழுந்து நின்று, வாங்க ஆச்சி, உக்காருங்க என்றார். உட்கார நாற்காலி இல்லை. அந்த அறையில் இருந்த ஒரே நாற்காலியில் அவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

அவள் நடந்ததைச் சொன்னாள். ஒரு வீடு, நான்கு தேனப்பன், நான்கு தகப்பனார். அவர் பொறுமையாகக் கேட்டார். தகப்பனார் பெயரைப் பார்க்கக் கூடாதா என்று அவள் கேட்டதற்கு, அது பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் என்றார். கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கிற ஆளுக்கு எதற்குத் தகப்பன் பெயர் என்று அவளையே திருப்பிக் கேட்டார். சரி, பினாங்கிலிருந்து போட்டோ வந்திருக்குமே, அதைக் கொண்டுவந்து எங்களிடம் காட்டியிருக்கலாமே என்றாள்.

சூப்பிரண்டுக்கு உண்மையாகவே அதிர்ச்சியாகிவிட்டது. "போட்டோவைக் காட்டுறதா? அதை எப்படி ஆச்சி காட்ட முடியும்? காட்டுனா நீங்க ஆளை அடையாளம் சொல்லிருவீகளே. அப்புறம் எங்க விசாரணைக்கு என்ன மதிப்பு இருக்கு?"

கண்ணம்மை அவர் முகத்தையே பார்த்தாள். விளையாடுகிற முகமாகத் தெரியவில்லை. மறுவிசாரணை வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். ஒரு பட்டியல் கொடுத்தார். அதில் மூன்றாவது, திருட்டுப் போன பாஸ்போர்ட்டின் அசல். அது இருந்தால் இங்கே எதற்கு வருகிறேன் என்று அவள் குரல் உயர்ந்தது. அசலைப் பார்த்தால்தானே தொலைந்தது எது என்று எங்களுக்குத் தெரியும் என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வதுபோல. நான்காவது, திருட்டு நடந்ததற்கு உள்ளூர்ப் போலீசாரின் சான்று. அதற்கும் போனாள். ஸ்டேஷனில் இருந்தவர் ஒரு வரைபடத்தைக் காட்டி, தன் எல்லை கிழக்கே ஒரு கண்மாய்க் கரையோடு முடிந்துவிடுவதாகவும், பினாங்கு அதற்கு அங்குட்டு இருப்பதாகவும், ஐயா திரும்பி வந்து இந்த எல்லைக்குள் எதையாவது பறிகொடுத்தால் உடனே எழுதித் தருவதாகவும் சொன்னார்.

ஆடி பாதி போய்விட்டது. சிகப்பி அதுவரை வாய் திறக்காமல் இருந்தவள், ஒருநாள் பாத்திரம் கட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஆத்தா, அப்பச்சி வராம நான் மணையில உக்கார மாட்டேன். மாப்பிள்ளை வீட்டுல சொல்லிருங்க" என்றாள். கண்ணம்மைக்குக் கோபம் வரவில்லை. அவளுடைய கல்யாணம் நாற்பத்திரண்டில் நடந்தது. அவளுடைய அப்பச்சி அப்போது பர்மா சண்டையில் மாட்டிக்கொண்டு, உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாமல், பெரியப்பா நின்று கல்யாணத்தை நடத்திவைத்தார். அன்றைக்குத் தலை குனிந்து அழுததை வெட்கம் என்று ஊரார் நினைத்துக்கொண்டார்கள். அந்த அழுகை தன் மகளுக்கு வேண்டாம் என்றுதான் இந்த ஓட்டமெல்லாம் அவள் ஓடினாள்.

ஆபீசுக்கு ஆள்தானே வேண்டும், ஆளையே கொண்டுபோய் நிறுத்துகிறேன் என்று முடிவு செய்தாள். தேவகோட்டையார், கண்டனூரார், பள்ளத்தூரார் மூவரையும் வெள்ளை வேட்டி, விபூதியோடு பஸ்ஸில் ஏற்றிச் சிவகங்கைக்கு அழைத்துப்போனாள். கூடவே அவர்களுடைய குலத்துக்குரிய நகரக் கோயிலிலிருந்து ஒரு சீட்டும் வாங்கிவந்திருந்தாள். கல்யாணமான ஒவ்வொரு ஆணையும் கோயிலில் ஒரு புள்ளி என்று கணக்கு வைப்பார்கள். இந்த வீட்டில் தேனப்பன் என்ற பெயரில் நான்கு புள்ளி, தகப்பனார் பெயர், மனைவி பெயர், மனைவியின் ஊர் உட்பட, கோயில் கணக்கப்பிள்ளை கண்ணை மூடித் திறப்பதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டார்.

சூப்பிரண்டு சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாமிக்குத் தெரிந்திருப்பது மிகவும் சந்தோஷம், ஆனால் கெஜட்டட் அதிகாரிக்கும் தெரிய வேண்டும் என்றார். சேவுகன் ஒரு நாடாவைக் கொண்டுவந்து மூவரின் உயரத்தையும் அளந்தார். மச்சங்களை எழுதிக்கொண்டார். மறுபடி எண்ணினார். பிறகு சூப்பிரண்டு கண்ணம்மையின் பக்கம் திரும்பினார்.

"ஒரு தேனப்பனைக் காணோம்னு வந்தீக. இப்ப மூணு பேரை நிறுத்தியிருக்கீக. குறைஞ்சுபோன ஆளுக்குத்தான் ஆச்சி எங்ககிட்ட படிவம் இருக்கு. கூடிப்போன ஆளுக்கு மேலிடத்துல கேட்டு எழுதணும்."

பள்ளத்தூரார் முன்னால் வந்து, அன்றைக்கு இன்ஸ்பெக்டர் பார்த்தது என்னை, நான் அந்தத் தேனப்பன் இல்லை, எழுதியே தருகிறேன் என்றார். சேவுகனின் முகம் மாறியது. நீர் அந்தத் தேனப்பன் இல்லையென்றால் அன்றைக்கு ஏன் 'இருக்கேன்' என்று சொன்னீர் என்று கேட்டார். அரசாங்கத்துக்குப் பொய்த் தகவல் கொடுத்ததற்கு என்ன தண்டனை தெரியுமா, உம்முடைய பாஸ்போர்ட்டை முதலில் இங்கே வையும் என்றார். பள்ளத்தூரார் உடனே, நான்தான் தேனப்பன், என்னை விட்டுவிடுங்கள் என்று கும்பிட்டார். அதையும் எழுதிக்கொண்டார்கள். மற்ற இருவரும் அதற்குள் பஸ் நிலையத்துக்கே போய்விட்டார்கள்.

கண்ணம்மை மட்டும் நின்றாள். என் மகள் கல்யாணத்துக்கு அவுக அப்பச்சி வர வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டாள். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டாள். சூப்பிரண்டு மனசு இளகியவர்தான். மேசையைச் சுற்றி வந்து நின்று சொன்னார்.

"ஆச்சி, இந்தப் பிரிவு ஆரம்பிச்சு ஏழு வருஷம் ஆகுது. இதுநாள் வரைக்கும் ஒரு பொய்யான ஆளைக்கூட நாங்க சரின்னு எழுதுனதில்லை. உண்மையான ஆளையும் எழுதுனதில்லைங்கிறது வேற விஷயம். ஆனா அதுல ஒரு நேர்மை இருக்கு பாத்தீகளா, ஆளுக்கு ஆள் வித்தியாசமே காட்டுறதில்லை."

ஆடி கடைசியில் இன்னொரு கடிதம் வந்தது. துறைமுகப் போலீசில் ஒரு நல்ல மனிதர் தேனப்பனிடம் விஷயத்தை உடைத்துச் சொல்லியிருந்தார். நீ உண்மையான ஆள் என்று உன் ஊரிலிருந்து வந்தால், புதுப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டு அது வந்து சேர ஏழெட்டு மாதம் ஆகும். பொய்யான ஆள் என்று வந்தால் காகிதம் இல்லாதவன் என்று அடுத்த கப்பலிலேயே நாகப்பட்டினத்துக்கு ஏற்றிவிடுவோம். இரண்டும் தெரியாமல் நடுவில் நிற்பதால்தான் உன்னை வைத்துக்கொண்டு நாங்கள் அவஸ்தைப்படுகிறோம் என்றாராம். 'பொய்யான ஆளுக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லை, பார்த்தாயா கண்ணம்மை' என்று முடித்திருந்தார். மனுஷன் ஆற்றாமையால் எழுதிய வரி அது.

கண்ணம்மை அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தாள். யாரிடமும் காட்டவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சிவகங்கைக்குப் பஸ் ஏறினாள்.

பினாங்கில் இருப்பவர் என் வீட்டுக்காரர் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். சூப்பிரண்டு பேனாவை மூடாமலேயே எழுந்துவிட்டார். அவ்வளவு சந்தோஷம். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் இத்தனை அலைச்சல் உண்டா என்றார். அவளுக்காகப் பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஒரு நாற்காலி வந்தது. காபி வந்தது. ஏழு வருஷமாகத் திறக்காத ஒரு கட்டைப் பிரித்து ஒரு படிவத்தை உருவித் தூசி தட்டினார்கள். அதன்பிறகு சூப்பிரண்டு பீரோவைத் திறந்து ஒரு போட்டோவை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

இதைக் காட்டக் கூடாது என்றீர்களே என்று கேட்டாள். அடையாளம் தெரியும் என்கிற சாட்சிக்குத்தான் காட்டக் கூடாது, தெரியாது என்கிற சாட்சிக்குக் காட்டியே ஆக வேண்டும், விதி அப்படி என்றார்.

பார்த்தாள். ஐந்து மாதமாகப் பார்க்காத முகம். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. யாருடைய சட்டையோ, தோளில் நிற்காமல் தொங்கியது. கண்ணாடிக்குள்ளிருந்து அவர் நேராக அவளைத்தான் பார்த்தார். சரியான சாப்பாடு இல்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

"இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று சூப்பிரண்டு படிவத்தில் உள்ளபடி கேட்டார்.

"தெரியாது."

"உரக்கச் சொல்லணும் ஆச்சி. இன்ஸ்பெக்டருக்கும் கேக்கணும்."

"தெரியாது" என்றாள் கண்ணம்மை.

ஏழாவது கேள்வியில் பேனா நின்றது. இவர் கணவர் இல்லையென்றால் கணவர் யார், எங்கே இருக்கிறார்? கண்ணம்மைக்கு உடம்பெல்லாம் கூசியது. பக்கத்தில் சேவுகன் ஆவலோடு நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்காரர் பெயரை அவள் வாயால் சொல்லிப் பழக்கமில்லை. நானே எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கி, 'தேனப்பன், மேற்படி கதவு எண்' என்று எழுதினாள். அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. சேவுகன் எட்டிப் பார்த்து, நான் அன்றைக்கே எழுதினேனே என்று பூரித்துப் போனார். கையெழுத்துப் போடும்போது மட்டும் அவள் இடது கையால் கழுத்தில் கிடந்த தாலியைப் பிடித்துக்கொண்டாள். அது முந்தானைக்குள் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஆரம்பத்திலிருந்து முத்திரை குத்துகிற வரை நாற்பது நிமிஷம். அன்றைய விமானத் தபாலிலேயே போய்விட்டது.

வீட்டில் மூச்சு விடவில்லை. கப்பல் வராமல் போய், அந்தக் காகிதம் மட்டும் நின்றுவிட்டால்? வேறெங்காவது ஏற்றிவிட்டால்? கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, பந்தல் கட்டுகிறவர்களோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தவள் தெருவில் குதிரை வண்டி நிற்கிற சத்தம் கேட்டுத் திரும்பினாள். கையில் பை இல்லாமல் தேனப்பன் இறங்கினார். நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டார்களாம். வந்த ஆள் யார் என்று அங்கே இருந்தவர்களுக்கும் ஐயம்தானாம். ஆனால் காகிதம் இல்லாமல் போகிறவரைத் தடுக்கத்தான் அவர்களிடம் உத்தரவு இருந்தது, காகிதம் இல்லாமல் வருகிறவரைப் பற்றி ஒன்றும் இல்லையாம். வெயிலில் நிற்காமல் போய்யா என்று சொல்லிவிட்டார்களாம்.

சிகப்பி ஓடிவந்து அப்பச்சி என்று கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. பள்ளத்தூரார் அண்ணன் காலில் விழப் போனார். வீடே கூடி விசாரித்தது. எல்லாருக்கும் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்ன தேனப்பன், கண்ணம்மையைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. இலை போட்டாள், பரிமாறினாள். மூன்றாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பிட்டு எழுந்து அடுப்படிக்கு வந்தவர், சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து அவளிடம் கொடுத்தார். கப்பலில் ஏற்றும்போது கையில் கொடுத்துவிட்டார்களாம்.

"ஏழு நாளும் இதைத்தான் படிச்சுக்கிட்டு வந்தேன்" என்றார்.

"உங்க கடுதாசியைப் படிச்சுத்தான் செஞ்சேன். வேற வழி தெரியலை."

"அது தெரியுது. அது புரியாமலா இருக்கேன்?" என்றார். "போட்டோவைக் காட்டுனாகளா?"

"காட்டுனாக."

"பாத்துட்டா சொன்னே?"

"பாத்துட்டுத்தான் சொன்னேன்" என்றாள் கண்ணம்மை. ஆடி முழுக்க அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தக் காகிதத்தை அடுப்பில் போடக் கையை நீட்டினாள்.

தேனப்பன் சட்டென்று அவள் கையைப் பிடித்தார். "போட்டுராதே கண்ணம்மை. இன்னார்னு சொல்ல எங்கிட்ட இருக்கிற ஒரே காகிதம் அதுதான்."

கண்ணம்மை அதைப் பிரித்துப் பார்த்தாள். அவருடைய போட்டோ. அவருடைய பெயர், வயது, உயரம், இடது புருவத்துக்கு மேலே இருக்கும் தழும்பு. அரசாங்கம் அவரைப் பற்றி எழுதியதில் ஒரு வரியைத் தவிர எல்லாம் சரியாக இருந்தது. அந்த ஒரு வரிக்குக் கீழே அவளுடைய கையெழுத்து இருந்தது.